மூக்கை நிமிர்த்தும் இரண்டு அங்குலம்: கோவைப் பட்டறைக்குள் ஒரு குஷி ரவுண்டு

அவிநாசி ரோடு சிக்னலில் பக்கத்தில் ஒரு இசுஸு வி-கிராஸோ டொயோட்டா ஹைலக்ஸோ வந்து நின்றால், கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே தாராளமான இடைவெளி. முன் சக்கரத்துக்கு மேலே அந்த இடைவெளி நன்றாகவே குறைவு. ஐந்தேகால் மீட்டருக்கும் மேல் நீளம், வாட்டசாட்டமான உடம்பு, ஆனால் மூக்கு மட்டும் லேசாகத் தாழ்ந்திருக்கும். ஒரு தடவை இது கண்ணில் பட்டுவிட்டால் அவ்வளவுதான். அப்புறம் ரோட்டில் போகிற பிக்கப் எதைப் பார்த்தாலும் முதலில் மூக்கைத்தான் பார்ப்பீர்கள்!

அந்த மூக்கை நிமிர்த்துவதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது. பெயர் லெவலிங் கிட். நான்கு சக்கரங்களின் பக்கமும் வண்டியைச் சேர்த்து உயர்த்தினால் அது லிஃப்ட் கிட். முன்பக்கத்தை மட்டும் ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்தி, பின்பக்கத்துக்கு ஈடாகக் கொண்டுவந்து நிறுத்தினால் அது லெவலிங் கிட். பெட்டியைப் பிரித்தால் உள்ளே இருப்பது இரண்டு அலுமினிய வட்டுகளும் கொஞ்சம் போல்ட்டு நட்டுகளும்தான். ஆனால் அந்த வட்டு வண்டிக்குள் ஏறுகிற வேலை இருக்கிறதே, அடேயப்பா! பட்டறை ஷட்டருக்கு உள்ளே நின்று அதை முழுக்கப் பார்த்துவிட்டு வந்த சந்தோஷத்தில் எழுதுகிறேன். வாங்க, உள்ளே போகலாம்.

பின்பக்கம் ஏன் தூக்கி நிற்கிறது?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். மூக்கு தாழ்ந்திருப்பது கோளாறு இல்லை. கம்பெனிக்காரர்கள் யோசித்து வைத்த அளவு அது. பிக்கப் என்பது பாரம் ஏற்றப் பிறந்த வண்டி. தொட்டியில் சரக்கு ஏறினால் பின்பக்கம் அமுங்கும். காலியாக இருக்கும்போதே மட்டமாக நிறுத்திவிட்டால், பாரம் ஏறியதும் பின்பக்கம் தரையைப் பார்க்கும், மூக்கு வானத்தைப் பார்க்கும். அதனால்தான் பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தியே அனுப்புகிறார்கள். சரக்கு ஏறினால் வண்டி தானாக மட்டத்துக்கு வந்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் போனால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். தேங்காய் ஏற்றக் காலியாகத் தோப்புக்குள் நுழையும் பிக்கப்பின் பின்பக்கம் தூக்கி நிற்கும். அதே வண்டி லோடோடு வெளியே வரும்போது நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். கிணத்துக்கடவு சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிற வண்டியும், மேட்டுப்பாளையத்தில் மலைக் காய்கறி ஏற்றுகிற வண்டியும் அப்படித்தான். அந்த வண்டிகளுக்கு லெவலிங் கிட் தேவையே இல்லை. பாரம்தான் அவற்றின் லெவலிங் கிட்!

அப்படியென்றால் இந்த கிட் யாருக்கு? பிக்கப்பைக் குடும்ப வண்டியாக, பயண வண்டியாக வைத்திருப்பவர்களுக்கு. வி-கிராஸ் 2016-ல் இந்தியாவுக்கு வந்தது. ஹைலக்ஸ் 2022-ல் வந்தது. இரண்டுமே வாழ்க்கை முறைக்கான பிக்கப் என்று சொல்லி விற்கப்படுபவை. வாரம் முழுக்க ஊருக்குள் ஓடும். சனி ஞாயிறில் வால்பாறை, ஆனைகட்டி, கொல்லிமலை என்று கிளம்பும். தொட்டியில் பெரும்பாலும் ஒரு கூடாரமும் இரண்டு பைகளும்தான். பின்பக்கம் அமுங்குகிற நாளே அபூர்வம். காட்டுப் பாதையில் மேட்டில் ஏறும்போது முன் பம்பர் இடிக்கும், அல்லது கொஞ்சம் பெரிய டயர் போட்டால் உள்ளே உரசும். இவர்களுக்கு முன்பக்கம் கிடைக்கும் அந்த இரண்டு அங்குலம் நிஜமாகவே உபயோகம்.

டேப்பும் தண்ணீர் டியூபும்

பட்டறைக்குள் நுழைந்ததும் ஸ்பேனர் சத்தம் கேட்கும் என்றுதான் எதிர்பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டதோ தண்ணீர் நிரப்பிய ஒரு நீளமான டியூப்! கொத்தனார் மட்டம் பார்க்கிற அதே டியூப் லெவல். இரண்டு பையன்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, நான்கு டயர்கள் நிற்கப்போகும் இடங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். மேஸ்திரி சிரித்துக்கொண்டே சொன்னார்.

"தரை மட்டமா இல்லீன்னா வண்டி மட்டத்த எப்படிங்ண்ணா அளக்கறது? தரை அரை இஞ்ச் எறக்கமா இருந்தா, நாம அளக்கறது எல்லாமே பொய்யாப் போயிருமுங்க."

எனக்குப் புல்லரித்துவிட்டது. இத்தனை பெரிய வேலைக்கு அஸ்திவாரம் ஒரு தண்ணீர் டியூப்!

அப்புறம் அளவு. மட்கார்டு விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் தப்பு என்றார் மேஸ்திரி. டயரில் காற்று குறைந்தாலும் டயர் தேய்ந்திருந்தாலும் அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து, அதாவது ஹப்பின் மையத்திலிருந்து, நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரைதான் அளக்க வேண்டும். டயர் எதுவாக இருந்தாலும் இந்த அளவு பொய் சொல்லாது. நான்கு மூலைகளிலும் அளந்து, சுவரில் சாக்பீஸால் எழுதிவைக்கிறார்கள். அளப்பதற்கு முன்னால் பம்பரைப் பிடித்து இரண்டு தடவை அமுக்கி விடுகிறார்கள். ஸ்பிரிங் அதன் இயல்பான இடத்துக்கு வந்து உட்கார வேண்டுமாம்.

அதற்கு அடுத்து வந்த கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வண்டிக்காரரைப் பார்த்து, "தொட்டில எப்பவுமே இருக்கற சாமான் என்னென்னங்க?" என்று கேட்டார். மூடி போட்டிருக்கிறாரா, கூடாரம் நிரந்தரமாக இருக்கிறதா, கருவிப்பெட்டி எவ்வளவு கனம், பால் கேன் எப்போதாவது ஏற்றுவாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். இதெல்லாம் ஏற்றிய நிலையில் பின்பக்கம் எவ்வளவு அமுங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் முன்பக்கத்தை எவ்வளவு உயர்த்தலாம் என்று முடிவு செய்கிறார்கள். முன்னும் பின்னும் மில்லிமீட்டர் சுத்தமாக ஒன்றாக இருக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. அரை அங்குலம், முக்கால் அங்குலம் பின்பக்கம் கூடுதலாகவே விட்டுவிடுகிறார்கள். நான்கு பேர் ஏறி, தொட்டியிலும் பைகள் ஏறிய பிறகு வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பதே கணக்கு.

அலமாரியில் இருக்கும் நான்கு வழிகள்

இப்போது சாமான்களைப் பார்ப்போம். வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டுக்கும் முன்னால் டபுள் விஷ்போன் அமைப்பு, காயில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் நடுவே ஷாக் அப்சார்பர் நிற்கும். இந்த ஜோடிக்கு ஸ்ட்ரட் என்று பெயர். பின்னால் இரண்டுக்கும் பழைய நம்பகமான லீஃப் ஸ்பிரிங், நம் ஊர்ப் பேச்சில் பிளேட்டு. லெவலிங் வேலை முழுக்க முன்பக்க ஸ்ட்ரட்டைச் சுற்றித்தான்.

முதல் வழி, ஸ்ட்ரட்டின் தலைக்கு மேல் வைக்கும் ஸ்பேசர். ஸ்ட்ரட்டைக் கழற்றி, அதன் தலைக்கும் சேஸிஸுக்கும் நடுவே வட்டை வைத்து முடுக்கிவிடுவார்கள். ஸ்பிரிங்கைப் பிரிக்கவே வேண்டாம். விலை குறைவு, வேலையும் சுருக்கம். இங்கேதான் ஒரு அதிசயக் கணக்கு இருக்கிறது. வட்டின் தடிமன் 25 மில்லிமீட்டர்தான். வண்டி உயர்வதோ கிட்டத்தட்ட 50! ஸ்ட்ரட்டின் கால் சக்கரத்தின் மேலேயே நிற்பதில்லை, சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் நிற்கிறது. அதனால் அங்கே ஒரு பங்கு நகர்ந்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு நகரும். இது தெரியாமல் இரண்டு அங்குலம் வேண்டும் என்று இரண்டு அங்குல வட்டை வாங்கிப் போட்டவர்களின் வண்டி நான்கு அங்குலம் எழும்பி, ஆக்ஸில் கோணலாகி நிற்கும். வாங்கும்போது "வட்டு எத்தனை மில்லிமீட்டர், வண்டி எத்தனை மில்லிமீட்டர் உயரும்?" என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஸ்பிரிங்குக்கும் அதன் தலைத் தட்டுக்கும் நடுவே உட்காரும் ஸ்பேசர். இதற்கு ஸ்பிரிங்கை அமுக்கிப் பிரிக்க வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த கட்டம் இதுதான். ஸ்பிரிங் கம்ப்ரஸர் என்ற கருவியில் ஸ்ட்ரட்டைப் பூட்டி, சுற்றுச் சுற்றாக முறுக்குகிறார்கள். ஸ்பிரிங் அங்குலம் அங்குலமாக ஒடுங்குகிறது. பக்கத்தில் நின்ற பையனை மேஸ்திரி கையாலேயே பின்னால் தள்ளிவிட்டார். அந்த ஸ்பிரிங்கில் அடைபட்டிருக்கும் விசை தப்பித்து வெளியே வந்தால் ஆளையே தூக்கி அடித்துவிடும். வீட்டு வாசலில் வைத்துச் செய்யக்கூடாத வேலை இது. இந்த முறையில் சக்கரம் கீழே தொங்குகிற எல்லை மாறுவதில்லை, அதனால் ஆக்ஸிலுக்கு ஆபத்து குறைவு. ஆனால் கீழ்நோக்கிய ஓட்டம் குறைந்துவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது மேலே 'டக்' என்று ஒரு தட்டு கேட்கலாம்.

மூன்றாவது வழி, ஸ்ட்ரட்டையே மாற்றுவது. சற்று நீளமான ஷாக், அதற்கேற்ற ஸ்பிரிங் இரண்டையும் ஒன்றாகப் போடுவது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1975-ல் தொடங்கிய ஏஆர்பி கம்பெனியின் ஓல்ட் மேன் ஈமு இந்த வகையில் பெயர்பெற்றது. பின் பிளேட்டுகளும் சேர்ந்த முழு செட்டாகப் போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். ஆனால் கல்லும் குழியுமான பாதையில் கிடைக்கும் சுகத்துக்கு வேறு எதுவும் ஈடு இல்லை. ஸ்பேசர் உயரத்தை மட்டும் தரும். இதுவோ ஓட்டத்தையே மாற்றும்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வெளிநாட்டு கிட்டுகளில் ஸ்பிரிங் மூன்று நான்கு பலத்தில் வரும். முன்னால் கனமான இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டிய வண்டிக்கு என்றே ஒரு கடினமான ஸ்பிரிங் இருக்கும். நம் நாட்டில் 2017 டிசம்பரிலேயே முன்பக்க இரும்புக் காப்பு பம்பர்களுக்கு மத்திய போக்குவரத்து அமைச்சகம் தடை சொல்லிவிட்டது. அந்தக் கனம் இல்லாத வண்டிக்கு அந்தக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் மூக்கு தேவைக்கு மேல் எழும்பும், சின்னக் கல்லுக்கும் குலுங்கும். கம்பெனி பம்பர் உள்ள வண்டிக்கு இருப்பதிலேயே மென்மையான ஸ்பிரிங்கைக் கேளுங்கள்.

நான்காவது வழியில் வாங்குவதற்கே ஒன்றும் இல்லை! பழைய டாடா சஃபாரி டைகோர் மாதிரி வண்டிகளில் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது. நீளமான இரும்புத் தண்டு ஒன்று முறுகி நின்று பாரத்தைத் தாங்கும். அதுதான் டார்ஷன் பார். அதன் முனையில் உள்ள போல்ட்டை முறுக்கினால் மூக்கு எழும்பும், தளர்த்தினால் இறங்கும். ஒரு ஸ்பேனரால் ஒரு வண்டி தலைநிமிர்வதைப் பார்க்க அவ்வளவு ஆனந்தம். ஆனாலும் இதிலும் எல்லை உண்டு. அதிகம் முறுக்கினால் சக்கரத்தின் கீழ்நோக்கிய ஓட்டம் போய்விடும். வண்டி கட்டை வண்டியாகக் குலுங்கும்.

கணபதியின் லேத்தும் பிளேட்டுப் பட்டறையும்

கோவையில் இந்த வேலையைப் பார்ப்பதில் தனி ருசி ஒன்று உண்டு. கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பக்கம் எந்தத் தெருவில் திரும்பினாலும் லேத்து சத்தம். பம்புக்கும் மோட்டாருக்கும் பாகம் கடைந்து பழகிய கைகள் அவை. ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் ஒன்று வெளியே வர அடம்பிடித்தால், அதைத் தள்ளி எடுக்க அளவான ஒரு குழாய்த் துண்டை மதியத்துக்குள் கடைந்து கொடுத்துவிடுகிறார்கள். அலுமினியத் துண்டிலிருந்து சுருள் சுருளாகச் சீவல் பளபளவென்று விழ, வெர்னியரில் ஒரு பார்வை பார்த்து, இன்னும் ஒரு சீவல், அப்புறம் அளவு கச்சிதம்! பார்த்துக்கொண்டே நிற்கலாம் போல இருந்தது.

இத்தனை திறமை பக்கத்திலேயே இருக்கும்போது ஸ்பேசரையும் இங்கேயே கடைந்துவிடலாமே என்று எல்லாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மேஸ்திரி தலையை ஆட்டினார். அளவு சரியாக வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எந்த ரக அலுமினியம், போல்ட்டின் பலம் என்ன, எத்தனை ஆயிரம் குலுக்கலுக்குத் தாங்கும் என்பதைச் சோதித்துப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருக்கிற முன்பக்கம் அது. சோதித்து விற்கும் கிட்டை வாங்குங்கள். கழற்றிப் பூட்டும் கருவிகளுக்கு லேத்தை நாடுங்கள். வட்டுக்கு மேல் வட்டு அடுக்குவதும், வட்டை வெல்டு வைப்பதும் கூடவே கூடாது.

பின்பக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் பிளேட்டுப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் என்று கனரக வண்டிகளாலேயே வளர்ந்த மண் இது. நெடுஞ்சாலையோரம் உலைக்களம், சம்மட்டி, அடுக்கி வைத்த பிளேட்டுகள் என்று வரிசையாகக் கடைகள் நிற்கும். மேலே மெயின் பிளேட்டு, இரு முனையிலும் கண் மாதிரி சுருட்டியிருக்கும். அதன் கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக மற்ற பிளேட்டுகள். நடுவே சென்டர் போல்ட் ஊடுருவ, யூ போல்ட்டுகள் எல்லாவற்றையும் ஆக்ஸிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிக்கும். வண்டி அமுங்கும்போது பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசி நகர்கின்றன. அந்த உரசலே குதியாட்டத்தைக் கொஞ்சம் அடக்குகிறது. எவ்வளவு அழகான யோசனை!

பாரம் ஏற்றுகிறவர்கள் இங்கே வந்து கூடுதலாக ஒரு பிளேட்டு சேர்த்துக்கொள்வார்கள். பல வருஷம் லோடு இழுத்து வளைவு செத்துப்போன பிளேட்டைத் தட்டி மறுபடி வளைவு ஏற்றிக்கொள்வார்கள். இதில் ஒரு எச்சரிக்கை. வண்டி மட்டமாக வேண்டும் என்பதற்காகப் பின்னால் ஒரு பிளேட்டை உருவிவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். மூக்கு எழும்பாது, பின்பக்கம் படுக்கும், பாரம் தாங்கும் சக்தியும் போய்விடும். பிளேட்டை கேஸ் தீயில் காய்ச்சி வளைக்கவும் விடாதீர்கள். பதம் ஏற்றிய ஸ்பிரிங் ஸ்டீல் அது. கண்டபடி சூடேற்றினால் பதம் இறங்கிவிடும். அப்புறம் ஒருநாள் பாதி வழியில் பிளேட்டு கட் ஆகி நிற்கும்.

பந்தய ஊரின் பழக்கம்

உயரத்தை மில்லிமீட்டரில் பார்க்கிற பழக்கம் கோவைக்குப் புதிதில்லை. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே 1920-ல் ஜி.டி. நாயுடு பஸ் ஓட்டத் தொடங்கினார். வண்டியைப் பிரித்துப் பார்க்கிற ஆர்வம் அப்போதே இங்கே வேர் விட்டுவிட்டது. எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி 800-ன் எஞ்சினை வைத்தே ஒற்றை ஆள் பந்தயக் கார்களை இங்கே உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று இந்தியா முழுக்க ஓடின அவை. அவர் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத் தடம் அவர் பெயரால்தான் கரி மோட்டார் ஸ்பீட்வே. கோவையில் வளர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

பந்தயக் காரின் உயரத்தைச் சரிசெய்பவர்களும் முதலில் செய்வது தரையை மட்டம் பார்ப்பதுதான். அப்புறம் நான்கு மூலையிலும் அளவு, நான்கு சக்கரத்திலும் எடை. அங்கே ஒரு நட்டைக் கால் சுற்று திருப்புவார்கள். இங்கே ஒரு வட்டை வைக்கிறார்கள். அங்கே தரையோடு தரையாக இறக்குகிறார்கள். இங்கே ஏற்றுகிறார்கள். கண்ணும் கையும் பார்க்கும் கணக்கு ஒன்றுதான். டியூப் லெவலோடு நின்ற அந்தப் பையன்களைப் பார்த்தபோது எனக்கு ஏன் அவ்வளவு பெருமையாக இருந்தது என்று இப்போது உங்களுக்கும் புரியும்.

பூட்டிய பிறகுதான் பாதி வேலை

வட்டு ஏறியாகிவிட்டது, சக்கரம் மாட்டியாகிவிட்டது, ஜாக்கியை இறக்கியாகிவிட்டது. வண்டி நிமிர்ந்து நின்றதும் பட்டறையே கைதட்டியது. வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மேஸ்திரியோ மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார்!

ஆர்ம்களின் புஷ் போல்ட்டுகளை அதுவரை அவர் முழுசாக இறுக்கவே இல்லை. வண்டி தரையில் தன் எடையோடு நின்ற பிறகுதான் அவற்றை இறுக்க வேண்டும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால், புஷ்ஷில் உள்ள ரப்பர் நாள் முழுக்க முறுகிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். டார்க் ரெஞ்சு 'கிளிக்' என்றதும் ஒவ்வொரு நட்டின் மேலும் பெயின்ட்டால் ஒரு கோடு. நட்டு பிறகு நகர்ந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுசாகத் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் எங்கேயாவது இழுபடுகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். 4x4 வண்டியாக இருந்ததால் ஆக்ஸில் பூட்டின் மடிப்புகளையும் விரலால் தடவிப் பார்த்தார். உயரம் கூடினால் ஆக்ஸிலின் கோணம் கூடும், அந்த ரப்பர் உறை கிழிவது அங்கிருந்துதான் தொடங்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போக ஆசைப்பட்டால் மேல் ஆர்மையே மாற்ற வேண்டி வரும் என்பதும் இதனால்தான்.

அடுத்தது வீல் அலைன்மென்ட். முன்பக்கம் உயர்ந்ததுமே சக்கரக் கோணங்களான டோ, கேம்பர், காஸ்டர் மூன்றும் மாறிவிடும். காஸ்டர் பெரும்பாலும் குறையும். அது குறைந்தால் வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்புகிற குணம் மந்தமாகும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. அந்த வளைவுகளில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்க வேண்டாமா? அலைன்மென்ட் பார்க்காத லெவலிங் பாதியில் நின்ற வேலைதான். புது டயரையும் ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

கடைசியில் ஹெட்லைட். இதைப் பலபேர் மறந்தே போகிறார்கள். வி-கிராஸின் முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இடைவெளி 3,095 மில்லிமீட்டர். முன்பக்கம் மட்டும் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டி கிட்டத்தட்ட ஒரு டிகிரி நிமிர்கிறது. ஒரு டிகிரிதானே என்று தோன்றும். அந்தச் சாய்வால் 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் மேலே ஏறிவிடும்! எதிரே பைக்கில் வருகிறவரின் முகத்தில் நேராக அடிக்கும். இதற்கு வழி எளிது. வேலைக்கு முன்பே வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பில் டேப் ஒட்டிக்கொள்ள வேண்டும். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, விளக்குக்குப் பின்னால் உள்ள ஸ்குரூவைத் திருப்பி வெளிச்சத்தை இறக்க வேண்டும். விளக்கே அந்த அளவு உயர்ந்திருப்பதால் பழைய கோட்டுக்கு மேல் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருந்தால் போதும். சுவரில் அந்த வெளிச்சக் கோடு மெல்ல இறங்கி வந்து உட்காருவதைப் பார்க்கிற திருப்தி தனி.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் குஷிக்கு நடுவே சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உரிமையாளர் மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஆகவே கிட் வாங்குவதற்கு முன்பே உங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்து மூலம் கேளுங்கள். வண்டி வாரன்டியில் இருந்தால் ஷோரூமிலும் கேளுங்கள். சம்மதமில்லை என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போனால், அந்த இரண்டு அங்குலத்துக்கு நீங்கள் கொடுக்கும் விலை ரொம்பப் பெரிது.

யாருக்கு எது?

தேங்காயோ காய்கறியோ, வாரத்தில் பாதி நாள் பாரம் ஏற்றுகிறீர்களா? லெவலிங் கிட்டை மறந்துவிடுங்கள். பின் பிளேட்டு, அதைச் சேஸிஸோடு கோர்க்கும் ஷேக்கிள், புஷ் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள், உங்கள் வண்டிக்கு அதுவே போதும்.

காலியாகவே ஓடுகிற வண்டி, பெரும்பாலும் தார் ரோடு, மூக்கு மட்டும் நிமிர்ந்தால் போதுமா? ஒன்றரை அங்குலம் உயர்த்தும் நல்ல ஸ்பேசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷாக் ஏற்கெனவே ஓய்ந்துபோன வண்டி என்றால் ஸ்பேசருக்குக் கொடுக்கும் பணம் வீண். உயரம் கிடைக்கும், குலுக்கல் அப்படியே இருக்கும்.

காடு, மலை என்று அடிக்கடி கிளம்புகிறவரா? கொஞ்ச நாள் பொறுத்துப் பணம் சேர்த்து, ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த செட்டைப் போடுங்கள். ஒருமுறை செலவு, பல வருஷ நிம்மதி.

எந்த வழியில் போனாலும் சரி, பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு சோதனை போதும். கிட்டின் விலையை முதலில் சொல்கிறார்களா, தொட்டியில் என்ன ஏற்றுவீர்கள் என்று முதலில் கேட்கிறார்களா? கேட்கிறவரிடம் சாவியைக் கொடுங்கள். வேலைக்கு முந்தைய அளவும் பிந்தைய அளவும் எழுதிய தாள், அலைன்மென்ட் ரிப்போர்ட் இரண்டையும் கையில் வாங்கிய பிறகு பணத்தைக் கொடுங்கள். ஐந்நூறு, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டியதும் திரும்பப் போய் எல்லா நட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.